ஐந்தாவது சொல்

ஜூன் 17

என் பெயர் வெயிலுமுத்து. இதை எழுதியது நான்தான்.

ஜூன் 18

இன்றும் எழுதினேன். விரல் வலிக்கிறது. நல்ல வலி.

ஜூன் 20

முத்துமீனா டீச்சர் தினமும் நாலு வரியாவது எழுதச் சொல்லியிருக்கிறார். என் பேத்தி வயதுதான் இருக்கும். ஆனாலும் டீச்சர்.

முடி நரைக்கும்வரை நான் நோட்டுக் கம்பெனியில் தையல் போட்டவன். கோடு போட்ட தாள், கட்டம் போட்ட தாள், வெள்ளைத் தாள் எல்லாம் என் கை வழியாகத்தான் விருதுநகரைவிட்டு வெளியூர் போயின. ஒன்றிலும் ஒரு எழுத்து எழுதியதில்லை. இதுதான் முதல் நோட்டு. தைத்தவன் அவசரக்காரன். மூன்றாவது துளையில் நூல் தளர்ந்திருக்கிறது.

ஜூன் 23

நான் எழுதியதை என் மனைவி ஜெயக்கொடி பார்த்தாள். "என்னங்க இது, எழுத்தெல்லாம் சந்தைக்குப் போற ஆடு மாதிரி ஆளுக்கொரு பக்கம் போகுது" என்றாள்.

"ஊரு போய்ச் சேருதா இல்லையா, அதைப் பாரு" என்றேன்.

சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

ஜூன் 27

இந்த வயதில் ஏன் படிக்க வந்தேன் என்று டீச்சர் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அதை எழுத மூன்று நாள் ஆனது.

பிப்ரவரியில் ஜெயக்கொடிக்குத் தொண்டை கட்டியது. கஷாயம் குடித்தாள், ஊசி போட்டுக்கொண்டாள், குரல் திரும்பவில்லை. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவளும் எங்கள் மகள் சண்முகக்கனியும் டாக்டர் அறைக்குள் போனார்கள். நான் வெளியே செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் கழித்து வந்தார்கள்.

"தொண்டைல கட்டியாம். ஆபரேஷன் பண்ணா சரியாயிரும். ஆனா குரல் போயிரும்" என்றாள் ஜெயக்கொடி.

"போனாப் போகுது. உயிர் இருந்தாப் போதும்."

"பெறகு எது சொல்லணும்னாலும் எழுதித்தான் காட்டணும். உங்ககிட்ட எழுதிக் காட்டி நான் என்ன செய்ய? தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு தலைய ஆட்டுவீங்க."

குனிந்து அவள் செருப்பை எடுத்து வைத்தேன்.

"நீங்க படிக்கக் கத்துக்கிடுங்க. என்னைக்கு நான் எழுதுறதை மடமடன்னு படிக்கிறீங்களோ அன்னைக்கு ஆபரேஷனுக்கு ஒத்துக்கிறேன். அதுவரைக்கும் மாத்திரை போதும்."

கனி எங்கள் பக்கம் திரும்பாமல் பஸ் வருகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலமே எழுத்தறிவு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இவ்வளவுதான் காரணம்.

ஜூலை 3

டீச்சர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். பக்கத்தில் உட்காரும் பலசரக்குக் கடை பேச்சியம்மாள் மூக்கைச் சிந்தினார். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் எழுதி ஒருவர் அழுகிறார்.

ஜூலை 6

பேப்பர்ப் புதிரைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு வரும் பேப்பரில் கடைசிப் பக்கத்தில் தினமும் ஐந்து சொற்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். அவற்றைத் திரும்ப மாற்றினால் சரியான சொல் வந்துவிடும். கல்யாணமான புதிதிலிருந்து காலையில் காப்பி குடித்ததும் எங்களுக்கு அதுதான் வேலை. ஜெயக்கொடி எட்டாம் வகுப்பு. அவள் வாசிப்பாள், நான் காதால் கேட்டே சொல்வேன்.

"ளிக்காத."

"தக்காளி."

"டிண்ணாக."

"கண்ணாடி. அடுத்தது போடு."

எழுத்து தெரியாத எனக்கு இது எப்படி வருகிறது என்று அவளுக்கு ஆச்சரியம். எனக்கும்தான். அவள் வாயிலிருந்து கலைந்து வந்தாலும் என் காதுக்குள் போய் நேராகிவிடும்.

ஒருநாள் ஐந்தையும் நானே சொல்லிவிட்டேன். "எனக்குன்னு ஒண்ணாச்சும் வைக்க மாட்டீங்களா?" என்று பேப்பரைச் சுருட்டி வைத்துவிட்டாள். மத்தியானம் வரை பேச்சு இல்லை. அன்றிலிருந்து ஐந்தாவது சொல் அவளுடையது. எனக்கு வாசித்துக் காட்ட மாட்டாள். நான் டம்ளர் கழுவப் போகும்போது பென்சிலால் போட்டுவிடுவாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் ஐந்தாவது சொல் என்ன என்று எனக்குத் தெரிந்ததில்லை.

ஜூலை 9

இன்று புதிரை நானே கண்ணால் பார்த்தேன். எழுத்துகளைப் படித்துவிட்டேன். து, ரு, ந், பே. ஆனால் சொல் வரவில்லை. கால் மணி நேரம் முறைத்துப் பார்த்தேன்.

ஜெயக்கொடி எட்டிப் பார்த்து, "துருந்பே" என்றாள்.

"பேருந்து" என்றேன் உடனே.

கண்ணுக்கு எழுத்து வந்துவிட்டது. சொல் இன்னும் காதில்தான் இருக்கிறது.

ஜூலை 17

காலையில் கரண்ட் பில் அட்டையைப் படிக்க வைத்தாள். பிறகு கேஸ் புத்தகம். பிறகு என் பிரஷர் மாத்திரை டப்பாவில் ஒட்டியிருக்கும் சீட்டு.

"நீ எழுதுறதைப் படிக்கத்தான நான் படிக்கிறேன். பிரஷர் மாத்திரையா வந்து என்கிட்ட பேசப் போகுது?" என்று கேட்டேன்.

"எல்லாம் எழுத்துதான். வாசிங்க. காலையா, ராத்திரியா?"

"காலை."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்."

"ம். மறந்துராதீங்க."

ஜூலை 29

பஸ் ஸ்டாண்டில் போய் நின்று பஸ்களைப் படித்தேன். சாத்தூர். அருப்புக்கோட்டை. மதுரை. நான் எங்கும் போகவில்லை. சும்மா படித்தேன். இவ்வளவு வருஷமாக ஊர்ப் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டுதான் எல்லாப் பஸ்ஸும் என் முன்னால் போயிருக்கின்றன. நான்தான் "ஏப்பா, மதுரை போகுமா?" என்று ஒவ்வொருவனிடமும் கேட்டு நின்றிருக்கிறேன்.

ஒரு கண்டக்டர், "பெருசு, ஏறுறீகளா இல்லையா?" என்றான்.

"இல்ல தம்பி, படிக்கிறேன்."

அவன் விசித்திரமாகப் பார்த்தான். போகட்டும்.

ஆகஸ்ட் 11

புதிரில் 'தாருமணி' என்று வந்தது.

"தாருமணி யாரு? உங்க பழைய ஆளா?" என்றாள்.

"ஆமா, கம்பெனில கோந்து தடவுன பொம்பள."

"இருப்பா இருப்பா. கையில செவப்பா ஒட்டியிருப்பாளே!"

அதற்குப் பிறகுதான் மருதாணி என்று எனக்குப் பிடிபட்டது. விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டாள் என்று சண்டை போட்டேன். சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். இப்போது சிரிப்பில் சத்தம் வருவதில்லை.

ஆகஸ்ட் 30

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். தெருவில் மீன்காரர் போகும்போது அவள் வாசிப்பது கேட்பதில்லை. அவளுக்குக் கஞ்சி பாதிக்குமேல் இறங்கவில்லை. டீச்சரிடம் வேகமாகச் சொல்லித்தரும்படி கேட்டேன். "ஏன் தாத்தா, பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கே?" என்றார். என் பரீட்சை வேறு என்று சொன்னேன்.

செப்டம்பர் 14

பாஸ்! சான்றிதழில் என் பெயரை நானே படித்தேன். மிட்டாய் வாங்கித் தெருவில் எல்லாருக்கும் கொடுத்தேன். பேச்சியம்மாளும் பாஸ். "இனிமே கடன் சொல்றவனுக்கெல்லாம் எழுதியே காட்டுவேன்" என்று குதிக்கிறார்.

ஜெயக்கொடி சான்றிதழை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். "நாளைக்கே மதுரைக்குப் போவோம். தேதி வாங்கிட்டு வந்துருவோம்" என்றேன்.

"அச்செழுத்துதான படிக்கிறீங்க. என் கையெழுத்தப் படிக்கணும்ல."

"எழுதிக் கொடு."

எழுதினாள். வேண்டுமென்றே கிறுக்கலாக எழுதியது போல இருந்தது. இரண்டாவது வரியில் தடுமாறிவிட்டேன்.

"பாத்தீங்களா. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள். ஆறுதல் போலச் சொன்னாள்.

எனக்கு என் மேல்தான் கோபம். இரவு முழுக்க அந்த இரண்டாவது வரியைப் படித்தேன். 'ரசத்துக்கு மிளகு கடைசியில் தட்டிப் போட வேண்டும்' என்று இருந்தது.

செப்டம்பர் 25

அவள் கையெழுத்து பழகிவிட்டது. தினமும் எழுதித் தருகிறாள். அரிசியில் எவ்வளவு தண்ணீர். சட்டைக்கு நீலம் எத்தனை சொட்டு. கனியின் போன் நம்பர். எல்லாம் படித்துவிட்டேன். ஒன்றும் தப்பில்லை. அடுத்த தடவை மதுரை போகும்போது டாக்டரிடம் நானே சொல்லிவிடுவேன்.

அக்டோபர் 6

கனி தையல் கடையில் அவசர வேலை என்று வரவில்லை. வழக்கமாக அவள்தான் அம்மாவுடன் உள்ளே போவாள், நான் வாசல் வேப்பமரத்தடியில் இருப்பேன். இன்று நான்தான் ஜெயக்கொடியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே எங்கே பார்த்தாலும் எழுத்து. எனக்குத் திருவிழாவுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. எக்ஸ்ரே. மருந்தகம். எச்சில் துப்பாதீர். எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தேன். ஜெயக்கொடி என் கையைப் பிடித்து இழுத்து, "மெதுவா" என்று மூச்சுக்காற்றில் சொன்னாள். "பேசாம வாங்க."

அவள் போக வேண்டிய அறைக்கு மேலே நீல நிறத்தில் ஒரு பலகை. அவள் உள்ளே போன பிறகு நின்று படித்தேன். நான் ஒவ்வொரு சொல்லாகத்தான் படிப்பேன். ஒரு சொல் முடிந்து மனசில் இறங்கிய பிறகுதான் அடுத்த சொல்லுக்குப் போக முடியும்.

முதல் சொல் 'குணப்படுத்த'.

பெரிய சொல். ஒற்று எல்லாம் சரியாகப் படித்தேன். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். குணப்படுத்தும் இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம்.

இரண்டாவது சொல் 'இயலாத'.

அதற்குப் பிறகும் பலகையில் எழுத்து இருந்தது. நோய், வலி என்றெல்லாம் இருந்தது. முழுவதும் படித்தேன். தப்பாக இருக்கும் என்று முதலிலிருந்து திரும்பவும் படித்தேன். எழுத்து எதுவும் இடம் மாறியிருக்கவில்லை.

அவள் மாத்திரைப் பொட்டலத்தோடு வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள்.

"படிச்சீங்களா?"

"இல்ல. உயரத்துல இருக்கு. கண்ணு தெரியல" என்றேன்.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தேன். தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பஸ் எந்த ஊர் வழியாகப் போனது என்று நான் படிக்கவில்லை.

அக்டோபர் 7

துணி துவைத்தேன். நீலம் மூன்று சொட்டு.

அக்டோபர் 9

கனி கடையில் தனியாக இருக்கும்போது போனேன். மிஷினை நிறுத்தாமலே, "வாங்கப்பா" என்றாள்.

"ஆபரேஷன் எப்போம்மா?"

மிஷின் நின்றது.

"நீலப் பலகையப் படிச்சிட்டேன்" என்றேன்.

அவள் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "மொதல் நாளே சொல்லிட்டாங்கப்பா, கத்தி வைக்க முடியாதுன்னு. வலி தெரியாமப் பாத்துக்கலாம், அவ்வளவுதான்னு. உங்ககிட்ட சொல்லிரலாம்னு நான் எவ்வளவோ சொன்னேன். அம்மாதான் கேக்கல. 'உங்கப்பாவுக்கு நான் இல்லாம ஒரு பஸ் ஏறத் தெரியாது, ஒரு மாத்திரை பாத்துப் போடத் தெரியாது. அவருக்காகப் படிங்கன்னா படிக்க மாட்டாரு. எனக்காகன்னாத்தான் படிப்பாரு'ன்னாங்க."

மிஷினில் பாதி தைத்த பாவாடை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தையல் நேராக இருந்தது.

"எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லாத" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 12

இன்று அவள் எழுதிக் கொடுத்ததில் நான்கு இடத்தில் தடுமாறினேன். 'ழை' மறந்துவிட்டது என்றேன். 'ணை' மறந்துவிட்டது என்றேன்.

"முந்தாநாள் படிச்சீங்களே!"

"வயசாச்சு புள்ள. வருது, போகுது."

அவள் பெருமூச்சு விட்டு முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். என் விரலைப் பிடித்து எழுத வைத்தாள்.

அக்டோபர் 16

இன்று கேஸ் புத்தகத்தில் ஒரு வரிகூட வரவில்லை என்று சொன்னேன். நான் படித்து முடித்துவிட்டால் அவள் வேலை முடிந்துவிடும். படிக்காமல் இருக்கும்வரை எப்படி விட்டுவிட்டுப் போவாள்?

அக்டோபர் 21

மாத்திரை இரண்டாயிற்று. மத்தியானத்திலும் தூங்குகிறாள். விழித்ததும் சிலேட்டைக் கேட்கிறாள். 'அ' முதல் திரும்பவும் தொடங்கியிருக்கிறோம். பாஸான பிறகும் வகுப்புக்குப் போய்வருகிறேன். டீச்சர் என் நோட்டைப் பார்த்து, "தாத்தா, எவ்வளவு அழகா எழுதுறீங்க!" என்றார். வீட்டில் சொல்ல வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 28

குரல் முழுக்க நின்றுவிட்டது. காலையில் பேப்பரை எடுத்து வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. இன்னொரு தடவை திறந்தாள். பிறகு பேப்பரை என் மடியில் வைத்தாள்.

நான் படிப்பதா, தெரியாதது போல இருப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பேப்பர் மடியிலேயே இருந்தது. இன்று புதிர் போடவில்லை. கல்யாணமானதிலிருந்து இப்படி ஒரு நாள் கிடையாது.

நவம்பர் 2

சிலேட்டுக் குச்சியைப் பிடிக்கக் கை நடுங்குகிறது. என் உள்ளங்கையை விரித்து வைத்து, ஆள்காட்டி விரலால் எழுதினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். ந. டி. க். கா. அவள் முடிக்கும் முன்பே என் வாய் சொல்லிவிட்டது.

"நடிக்காதீங்க."

சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது. ஒரு தடுமாற்றம் இல்லாமல் கையில் எழுதியதைக்கூடப் படித்துவிட்டேன். அவள் என்னையே பார்த்தாள்.

"நீ மட்டும் என்னவாம்? எட்டு மாசமா நடிச்சவ யாரு?" என்றேன்.

அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அப்புறம் பார்த்தால் உண்மையாகவே சிரித்துக்கொண்டும் இருந்தாள். நானும் இரண்டையும் செய்தேன். கனி கஞ்சியோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பிறகு என் கையில் எழுதினாள். 'பேப்பர்.'

நவம்பர் 3

இப்போது நான் வாசிக்கிறேன், அவள் சொல்கிறாள். வாய்விட்டு வாசித்தேன்.

"லிற்காநா."

உள்ளங்கையில் 'நாற்காலி' என்று எழுதினாள்.

"எமிலுச்சை."

'எலுமிச்சை.'

கையில் கூச்சமாக இருக்கிறது. நெளிந்தேன். ஒழுங்காக இருக்கும்படி மணிக்கட்டில் ஒரு அடி அடித்தாள். நான்கு முடிந்ததும் பேப்பரை வாங்கிக்கொண்டு, என்னை டம்ளர் கழுவப் போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள்.

நவம்பர் 10

இரண்டு சொல்லுக்குமேல் முடியவில்லை. மீதி இரண்டையும் நானே வாசித்து நானே சொன்னேன். என் குரலில் கேட்டாலும் சொல் நேராகிறது. அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். அவளுக்கு அது முன்பே தெரியும் போல.

நவம்பர் 15

'சாப்பிட்டீங்களா' என்று கையில் எழுதினாள். சாப்பிட்டேன் என்றேன். 'மாத்திரை?' என்றாள். சாப்பாட்டுக்குப் பின், போட்டுவிட்டேன் என்றேன்.

நவம்பர் 18

விரலைக் கையில் வைத்தாள். எழுதவில்லை. வைத்தபடியே இருந்தாள்.

நவம்பர் 20

எழுத்தெல்லாம் தெரியும். எழுத முடியவில்லை.

டிசம்பர் 4

மீதி மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கனி சொன்னாள். நானே போகிறேன் என்றேன். மதுரை என்று படித்து ஏறினேன். யாரையும் கேட்கவில்லை. இறங்கி, எச்சில் துப்பாதீர், மருந்தகம், எக்ஸ்ரே எல்லாம் தாண்டிப் போனேன். நீலப் பலகையை அண்ணாந்து பார்க்காமல் உள்ளே போய்க் கொடுத்தேன்.

வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் படித்தேன். சொல்ல ஆள் இல்லாததால் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் 9

ரசம் வைத்தேன். மிளகைக் கடைசியில் தட்டிப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் சாப்பிட முடியவில்லை.

டிசம்பர் 14

அவள் போன பிறகு இன்றுதான் புதிரை எடுத்தேன். கனி காப்பி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ணைலையத" என்று வாய்விட்டு வாசித்தேன். தலையணை. "றின்விசிமி." மின்விசிறி. நான்கும் வந்துவிட்டன. பென்சிலால் போட்டேன். என் எழுத்து இப்போது ஒரே பக்கமாகத்தான் போகிறது.

கனி பேப்பரை எட்டிப் பார்த்து, "கடைசி ஒண்ணு விட்டுட்டீங்களேப்பா. இது ஈசிப்பா, வந்து..." என்று தொடங்கினாள்.

"சொல்லாத" என்று கத்திவிட்டேன். அவள் திடுக்கிட்டுப் போனாள்.

"அது உங்கம்மாவுதும்மா" என்றேன்.

அந்தச் சொல்லைக் கையால் மறைத்துக்கொண்டேன். இப்போது எனக்குப் படிக்கத் தெரியும் என்பதால் கண் பட்டால் படித்துவிடும். பேப்பரை அவள் நாற்காலியில் வைத்தேன், மேலே பென்சிலை வைத்தேன், டம்ளர் கழுவப் போனேன். மெதுவாகக் கழுவினேன். உள்ளே, வெளியே, அடியில். துடைத்துக் கவிழ்த்து வைத்தேன். பிறகு இன்னொரு தடவை எடுத்துக் கழுவினேன்.

வந்து பார்த்தேன். பென்சில் வைத்த இடத்திலேயே இருந்தது.

விடை நாளைய பேப்பரில் கடைசிப் பக்க மூலையில் வரும். அந்த மூலையை மடித்துவிட்டுத்தான் பிரிப்பேன்.